நடு ஊர்ப் பெட்டி

சித்தேரி மலையில் செல்போன் சிக்னல் எட்டாத மூன்று ஊர்களுக்கு, ஊருக்கொரு வயர்லெஸ் பெட்டி வைத்திருந்தார்கள். வெயிலில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, அடிவாரத்து ஆஸ்பத்திரியின் பேச்சை ஒரு பெட்டி வாங்கி அடுத்த பெட்டிக்குக் கொடுக்கும். நடு ஊர்ப் பெட்டி மாயவன் வீட்டுக் கூரையில் இருந்தது. சார்ஜ் தீர்ந்து அது படுத்துவிட்டால் அதற்கு மேலே இருக்கும் மேலூருக்குக் காது போச்சு. ஆகவே வெயிலில்லாத மழைநாளில் நடு ஊர்க்காரர்கள் பெட்டியில் சொருகிய கைக்கருவியில் பேசக்கூடாது, கேட்டுக்கொள்ளலாம் என்று ஊர்க்கூட்டத்தில் கட்டுப்பாடு.

மாயவனின் மகள் நிர்மலா மேலூரில் வாழ்க்கைப்பட்டவள். அவளைப் பிரசவத்துக்கு அடிவாரத்தில் சேர்த்திருந்தார்கள். தாய் தங்கம்மாள் துணைக்குப் போயிருந்தாள். அடைமழையில் ரோடு சரிந்துபோனது. பிள்ளை பிறந்த சேதி முதலில் புருஷன் வீட்டுக்குப் போவதுதான் முறை. அது தடங்கலில்லாமல் மேலே போகட்டும் என்று மாயவன் தன் கைக்கருவியையே பெட்டியிலிருந்து பிடுங்கிவிட்டான். கேட்பதற்கும் கொஞ்சம் சார்ஜ் போகுமாமே! கட்டுப்பாட்டுக்கு மேலே ஒரு கட்டுப்பாடு, அப்படியொரு பிடிவாதக்காரன்.

சாயங்காலம் பெட்டியின் பச்சை விளக்கு விடாமல் மினுக்கியது. பேச்சு மேலே போகிறது. பேரனோ பேத்தியோ என்று தனியாகச் சிரித்துக்கொண்டான். கருவியைச் சொருகக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டான்.

மறுநாள் மழை விட்டதும் மருமகன் தமிழ்மணி அடிவாரம் போகிற வழியில் வந்தான். காலில் செருப்பில்லை. நிர்மலா போய்விட்டாள், குழந்தையும் தங்கவில்லை என்று வாசலில் நின்றபடியே சொன்னான்.

மாயவனுக்கு அழுகை வரவில்லை. நெஞ்சில் தேடிப் பார்த்தான், மரத்துப்போய்க் கிடந்தது. ஈரத்தில் நிற்காதே, உள்ளே வா என்று மருமகனைக் கூப்பிட்டான். தண்ணீர் மொண்டு கொடுத்தான். தமிழ்மணி குடிக்காமல் சொம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"நேத்து சாயங்காலம் நர்ஸம்மா அவ கையில மைக்கக் குடுத்தாங்க மாமா. என்கிட்ட ரெண்டு வார்த்த பேசிட்டு உங்களத்தான் கேட்டா. அப்பா கட்டுப்பாட்டுக்குப் பேசமாட்டாங்க, ஆனா கேட்டுட்டுதான் இருப்பாங்கன்னு நாந்தான் சொன்னேன். அப்புறம் உங்ககிட்டயே ரொம்ப நேரம் பேசினா."

மாயவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"என்ன மாப்ள பேசினா?"

தமிழ்மணி தலை நிமிர்ந்து அவனைப் பார்த்தான்.

"நீங்க கேக்கலீங்களா?"