வலப்பக்க இண்டிகேட்டர்

செப்டம்பரில் எனக்கும் லோரிஸுக்கும் கல்யாணம். பார்த்து வைத்திருக்கும் வீட்டில் கார் நிறுத்த ஒரே ஓர் இடம்தான். அங்கே நிற்கப்போவது என் பழைய குட்டிக் காரா, அவனுடைய ஐந்நூறு குதிரைசக்தி ராட்சசனா என்பதில்தான் சண்டை. இடம் கிடைக்காத காரை விற்றுவிட வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை டிராக்ல பாத்துக்கலாம் நிவேஸ். யாரு நல்லா ஓட்டுறாங்களோ அவங்க காருக்கு இடம். அங்க இருக்கிற வால்தெர் அண்ணன் சொல்லட்டும்" என்றான்.

ஒப்புக்கொண்டேன். நான் எல்லா வளைவையும் கற்றது அந்த ஒரே காரில். அவனோ வளைவு சரியாக வரவில்லையென்றால் டயரை மாற்றுவான். அப்புறமும் வராவிட்டால் காரையே மாற்றுவான். இது நான்காவது.

எங்கள் மலையடிவார டிராக்கில் ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் பந்தயக்காரர்கள் அல்ல. மருந்துக்கடைக்காரர், பல் டாக்டர், எங்களைப் போன்றவர்கள். யாரும் யாரையும் முட்டி முந்தக் கூடாது. பின்னால் ஒருவர் நெருங்கினால், நேர்ப்பாதையில் முன்னால் போகிறவர் வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வழிவிட வேண்டும். அதுதான் இங்கே மரியாதை.

லோரிஸ் அந்த மரியாதையை யாருக்கும் தரவில்லை. வளைவுகளில் தயிர்ப்பானை சுமப்பவன்போல ஊர்ந்தான். நான் அவன் பின்னால் ஒட்டிக்கொண்டு போனேன். நேர்ப்பாதை வந்ததும் உறுமிக்கொண்டு பறந்தான். அடுத்த வளைவில் மறுபடி ஊர்வலம். எனக்குப் பின்னால் பல் டாக்டர், அவருக்குப் பின்னால் இன்னும் மூவர்.

டிராக்கை விட்டு உள்ளே வரச் சொல்லும் கறுப்புக் கொடி அவனுக்கு அசைந்தது. அவன் உள்ளே வந்தான். நானும் பின்னாலேயே வந்தேன். டிராக்கைக் கவனித்துக்கொள்ளும் வால்தெர் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

"தம்பி, கண்ணாடி இருக்கா காருல?"

"இருக்குண்ணே."

"அதுல பின்னாடி நிக்கிற கூட்டம் தெரிஞ்சுதா, இல்ல உன் மூஞ்சி மட்டும்தான் தெரிஞ்சுதா?"

"டயர் சூடாகலண்ணே. அதான் வளைவுல..."

"குதிரை ஐநூறு இருக்குடா. மேய்க்கத்தான் ஆள் இல்ல. அடுத்த ரவுண்டு உன் காரு வெளியில நிக்கட்டும்."

லோரிஸ் என் பக்கம் திரும்பினான். "என்னை முந்த முடிஞ்சுதா உன்னால?"

இவனோடு ஒரே வீட்டில் எப்படி இருப்பேன்? ஐந்து பேரின் வழியை அடைத்துக்கொண்டு போனதை ஜெயித்தது என்கிறானே.

என் சாவியை அவன் கையில் திணித்தேன். "இதை ஓட்டு. நான் பக்கத்துல உக்காருறேன்."

அடுத்த ரவுண்டில் பல் டாக்டர் எங்கள் பின்னால் வந்துவிட்டார். லோரிஸ் ஆக்சிலரேட்டரை மிதித்தான். என் காரால் கொடுக்க முடிந்தது சத்தம் மட்டுமே.

"என்ன இது, போகவே மாட்டேங்குது!"

"அது அவ்வளவுதான் போகும். இண்டிகேட்டரைப் போடு."

"பல் டாக்டருக்கா?"

"பல் டாக்டருக்குத்தான். கல்யாணத்துக்கு அப்புறம் எனக்கும் போடணும்."

பல்லைக் கடித்துக்கொண்டு போட்டான். டாக்டர் ஒரு கையை உயர்த்தி நன்றி சொல்லிக் கடந்தார்.

"இப்ப அவர் எங்க பிரேக் போடுறாரு, எங்க திரும்புறாருன்னு பாரு."

முதல்முறையாக அவன் கண் முன்னால் போகிறவர் மேல் பதிந்தது. முதலில் சொதப்பினான், மறு சுற்றிலும் சொதப்பினான். அதற்கடுத்த சுற்றில் வண்டி வளைவுக்குள் வழுக்கிக்கொண்டு போய் வெளியே வந்தது. அடுத்தவர் நெருங்கியபோது நான் சொல்லாமலே இண்டிகேட்டரைப் போட்டான்.

இறங்கியதும் ஹெல்மெட்டைக் கழற்றினான். தலைமுடி நனைந்து நெற்றியில் அப்பியிருந்தது. வால்தெரிடம் போய்த் தீர்ப்புக் கேட்கவில்லை. தன் ராட்சசனின் மேல் சாய்ந்து போனை எடுத்தான்.

"விக்கிற விளம்பரத்துல என்ன எழுதறது, நிவேஸ்?"

"நேர் ரோட்டுல மட்டும் ஓட்டின வண்டின்னு எழுது. பொய்யில்லயே."

அவன் முறைத்தான். ஆனால் எழுதினான்.