லுவா போட்ட கூச்சல்

காலையில் அவர்களைப் பார்த்ததும் லுவாவுக்குச் சிரிப்புதான் வந்தது. ஆளுக்கொரு பெரிய மூட்டை முதுகில், முழங்கால் வரை சேறு. வாடகை மோட்டார் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு அணைக்கட்டுக்கு வழி கேட்டார்கள். பையன் பெயர் பாக், பெண் சுயென். வேலைக்கு லீவு போட்டுவிட்டு சைகோனிலிருந்து வயல்வெளி பார்க்க வந்திருக்கிறார்களாம்.

"வயல்ல என்னத்தப் பாப்பீங்க? நெல்லு நிக்கும், எருமை நிக்கும், நாங்க குனிஞ்சு நிப்போம்" என்றாள் லுவா.

"அதத்தான் பாக்க வந்தோம் அத்தை."

"கல்யாணம் ஆச்சா?"

"தெத் புத்தாண்டுப் பண்டிகை முடிஞ்சதும்."

"அதுக்குள்ள இந்த வெயில்ல நீ கருகிப்போனா இவன் வேற பொண்ணு தேடிருவான், பாத்துக்க."

"கருகினாலும் இவதான் அத்தை" என்றான் பாக். "எனக்கு மூச்சு வாங்கினா என் மூட்டையையும் சேத்து வேற யாரு தூக்குவா?"

சுயென் அவன் முதுகில் ஒன்று போட்டாள். லுவாவுக்கு அந்த ஜோடியைப் பிடித்துப்போனது. பச்சைத் தேயிலையைக் கொதிக்கவைத்துக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள், சர்க்கரைவள்ளிக் கிழங்கை அவித்துக் கொடுத்தாள். தேயிலை கொதித்தால் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுவதுதான் அந்த ஊர் வழக்கம். ஆனால் அது கடலை பிடுங்கும் நேரம், ஊரே வயலில் கிடந்தது. அதனால் அந்த இருவரின் முகத்தையும் பார்த்தவள் லுவா ஒருத்திதான்.

அவளுடைய கறுப்பு நாய் முக், எல்லோரையும் பார்த்துக் குரைப்பது. சுயெனிடம் மட்டும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தது. அவர்கள் கிளம்பியதும் வண்டிக்குப் பின்னாலேயே ஓடியது. லுவா கூப்பிட்டுப் பார்த்தாள், திரும்பவில்லை. பசித்தால் தானே வரும் என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனாள்.

அந்த வருடம் ஊரில் நாய்கள் தங்கவில்லை. கறிக்கு விற்க நாய் பிடிக்கும் திருடர்கள் இரண்டு பேராக வருவார்கள். தலைக்கவசம், முகத்தில் துணி, நம்பர் பலகையில் அப்பிய சேறு. பின்னால் இருப்பவன் சுருக்குப் போட்டுத் தூக்கிச் சாக்கில் திணிப்பதற்குள் முன்னால் இருப்பவன் அடுத்த ஊர் எல்லையைத் தாண்டியிருப்பான். துரத்திப் போனால் செங்கல்லை வீசுவார்கள். அப்படி வீசியதில்தான் பக்கத்து வீட்டு ஹொவானின் தம்பிக்கு ஒரு கண் போனது. போலீஸில் புகார் சொல்லப் போனபோது, நாய் போனதெல்லாம் ஒரு கேஸா என்று சிரித்து அனுப்பினார்கள். சிரித்தவர்கள் நன்றாக இருக்கட்டும். ஊர் அன்றைக்கே தானாக ஒரு முடிவுக்கு வந்தது. முச்சந்தியில் மணிபோலத் தொங்கும், போர்க்காலத்து வெடிகுண்டின் வெற்று இரும்புக் கூட்டைத் தட்டினால் எல்லோரும் கையில் கிடைத்ததோடு வர வேண்டும். வந்த எல்லோரும் அடிக்க வேண்டும். யார் அடித்தது என்று எவனும் வாய் திறக்கக் கூடாது.

மதியம் ஒரு மழை அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் வாய்க்கால் கரைமேல் ஒரு மோட்டார் சைக்கிள் விரட்டிக்கொண்டு வந்தது. அதில் இரண்டு பேர், இருவருக்கும் தலைக்கவசம், மூட்டையோடு சேர்த்துப் போர்த்திய மழைக்கோட்டு, முகத்தை மறைத்த துணி. நம்பர் பலகை முழுக்கச் சேறு. பின்னால் இருந்த ஆளின் மடியில் ஒரு பொட்டலம். அதிலிருந்து ஒரு கறுப்பு வால் தொங்கியது. அந்த வாலை லுவாவுக்குத் தெரியும். அது அசையவே இல்லை.

அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது.

"நாய்த் திருடன்! என் முக்கைத் தூக்கிட்டுப் போறான்! புடிங்கடா!"

முச்சந்தியில் யாரோ தட்ட, வெடிகுண்டுக் கூடு அலறியது. வயல் முழுக்கக் குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ஹொவான் கரையேறி ஒரு மூங்கில் கழியை முன் சக்கரத்தில் செருகினான். வண்டி குப்புற அடித்து, பின்னால் இருந்த ஆள் வாய்க்காலில் விழ, பொட்டலம் புல்லில் உருள, ஓட்டியவன் கரையில் விழுந்தான். அவன் எழுந்து இரண்டு கையையும் உயர்த்தி ஏதோ சொன்னான். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? யாருக்குக் கேட்க வேண்டும்? லுவா மூச்சிரைக்க ஓடிவந்து மண்வெட்டிக் காம்பை அவன் தோளில் இறக்கினாள். முதல் அடி அவளுடையது. எலும்பு முறிந்த சத்தம் அவள் உள்ளங்கை வரை வந்தது. அந்த நொடியில் அவளுக்கு அது நன்றாகவே இருந்தது.

பிறகு எல்லோரும் விழுந்து அடித்தார்கள். கழி, மண்வெட்டி, செருப்பில்லாத கால். மண்டையில் வசமாக விழவில்லையென்று எவனோ தலைக்கவசத்தைப் பிடுங்கி எறிந்தான், துணியும் கூடவே கழன்றது. உதடு கிழிந்து, மூக்கு ஒரு பக்கம் ஒதுங்கிப்போயிருந்தது. ஆனாலும் அது பாக்.

அவன் அவளைப் பார்த்தான். தெரிந்த முகத்தைக் கண்ட ஆறுதலில் அவன் கண் விரிந்தது.

"அத்தை... சொல்லுங்க அத்தை..."

"நிறுத்துங்கடா! இவன் திருடன் இல்ல! காலைல நம்ம வீட்டுல டீ குடிச்ச புள்ளடா!"

"வேவு பாக்க வந்திருப்பான் அக்கா!" என்றான் ஹொவான். "நாய் அவங்க மடியிலதான இருந்துச்சு? நீதான கத்துன?"

"நான்தான்டா கத்துனேன்! தப்பாக் கத்திட்டேன்!"

அவளுடைய முதல் குரலுக்கு ஊரே ஓடி வந்தது, இரண்டாவது குரலுக்கு ஒருவன்கூடத் திரும்பவில்லை. அவள் பாக்கின் மேல் விழுந்து மறைத்தாள். ஓங்கிய கழி அவள் முன்கையில் இறங்கி எலும்பை உடைத்தது. காலைப் பிடித்து இழுத்து அவளை அப்பால் தள்ளினார்கள். யாரோ வண்டிக்குத் தீ வைத்தார்கள். வாய்க்காலில் இரண்டு பெண்கள் சுயெனின் முடியைப் பிடித்து முகத்தைத் தண்ணீரில் அமுக்கி அமுக்கி எடுத்தார்கள்.

அப்போதுதான் பொட்டலத்திலிருந்து நாய் மூன்று காலில் ஊர்ந்து வெளியே வந்தது. நான்காவது காலில் ஒரு பூப்போட்ட துணியை அழகாகக் கட்டியிருந்தார்கள்.

"பன்னிக்கு வச்ச கம்பிக் கண்ணியில மாட்டிக்கிச்சு!" என்று சுயென் தண்ணீரைக் கக்கிக்கொண்டே அலறினாள். "கம்பிய அறுத்து எடுத்தோம்! ரத்தம் நிக்கல, அத்தைகிட்ட குடுக்கத்தான் வேகமா வந்தோம்!"

கறிக்குப் போகும் நாய்க்கு எவனாவது கட்டுப் போடுவானா? ஒவ்வொருவராக அந்தத் துணியைப் பார்த்தார்கள், கழிகள் இறங்கின. ஹொவான் மட்டும் ஓங்கியதை நிறுத்த முடியாமல் இன்னும் ஒரு அடி அடித்துவிட்டான். பாக்கின் மார்பு இரண்டு மூன்று தரம் தூக்கிப்போட்டது. அப்புறம் தூக்கிப்போடவில்லை. எவ்வளவு லேசாகச் செத்துப்போகிறது ஒரு மனிதப் பிள்ளை!

போலீஸ் வந்தபோது வண்டி இன்னும் புகைந்துகொண்டிருந்தது. பிணத்தை மழைக்கோட்டால் மூடியிருந்தார்கள். அதிகாரி சுற்றிலும் பார்த்தார்.

"யார் அடிச்சது?"

"நாங்க எல்லாரும்" என்றான் ஹொவான்.

"நாங்க எல்லாரும்" என்றாள் சுயெனின் முடியைப் பிடித்திருந்தவள்.

"நாங்க எல்லாரும் ஐயா" என்றார் அடிக்கும்போது அந்தப் பக்கமே வராத பள்ளிக்கூட வாத்தியார்கூட. ஒரு ஊரையே ஏற்றிக்கொண்டு போக எந்தச் சிறையில் இடம் இருக்கிறது? அதிகாரிக்கும் அது தெரியும். சலிப்போடு சுயெனிடம் திரும்பினார்.

"நீ யாரையாவது அடையாளம் காட்டுவியாம்மா?"

சுயென் லுவாவின் உடையாத கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த ஊரில் அவளுக்குத் தெரிந்த முகம் அது ஒன்றுதான்.

"தண்ணிக்குள்ள இருந்தேன், யாரையும் சரியாப் பாக்கல. இந்த அத்தை மட்டும்தான் அவரக் காப்பாத்த வந்தாங்க. இவங்க கையப் பாருங்க. இவங்களாவது ஒருத்தர் இருந்தாங்க."

"ஆமாங்கையா" என்றான் ஹொவான் அவசரமாக. "அக்கா தடுத்தாங்க. நாங்கதான் கேக்கல."

அதுவும் பொய்யில்லை. லுவா தலையை மட்டும் ஆட்டினால் போதும். ஊர் அவளைக் காப்பாற்றும், இந்தப் பெண் சாகும்வரை அவளை நினைத்துக் கும்பிடும். அந்தக் கும்பிடைத்தான் லுவாவால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"கைய விடு தாயி" என்றாள். "திருடன்னு கத்துனது நான். மொத அடியும் நான்தான் அடிச்சேன்."

"அக்கா, வாய மூடு!" என்றான் ஹொவான்.

சுயென் கையை விடவில்லை. வலியில் பிதற்றுகிறாள் என்று நினைத்து, "பேசாதீங்க அத்தை, ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்" என்று அவள் தோளைத் தடவினாள். லுவா அதை மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.