வெள்ளை வந்தால் புனே

கணபதியில் இருக்கும் பம்ப் கம்பெனி, கிருபாசங்கரிடம் மாற்றலுக்கு இரண்டு ஊர்களைச் சொல்லி எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளச் சொன்னது. புனே, இல்லையென்றால் அகமதாபாத். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவர் மனைவி வசந்தாமணிக்கு விளங்கவே இல்லை. ஒரே மகள் மௌனிகா கல்யாணமாகிப் புனேயில்தான் இருக்கிறாள். அவள் போனதிலிருந்து வீட்டில் டி.வி. மட்டும்தான் பேசிக்கொண்டிருக்கிறது.

லீவுக்கு வந்திருந்த மௌனிகாதான், "எதுக்கும் சாமிகிட்டப் பூக் கேட்டுரலாம்மா" என்றாள். மகளுக்கு இவ்வளவு பக்தியா என்று வசந்தாமணி பூரித்துப்போனாள்.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் குலதெய்வம் கோயில். வெள்ளை வந்தால் புனே, சிவப்பு வந்தால் அகமதாபாத். பூவை வைத்து இரண்டு பொட்டலங்களையும் மௌனிகாவே ஓரமாகத் திரும்பி உட்கார்ந்து மடித்தாள். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு அரளி.

"சாமி சொல்லிருச்சு அம்மணி, அவ்வளவுதான்" என்று கிருபாசங்கர் காரை எடுக்கப் போய்விட்டார்.

வசந்தாமணிக்கு மனசு கேட்கவில்லை. கிடைக்காமல் போன வெள்ளைப் பூவைக் கண்ணாலாவது பார்த்துவிடலாம் என்று மிச்சமிருந்த பொட்டலத்தைப் பிரித்தாள். அதிலும் சிவப்பு அரளிதான் இருந்தது.

பூவைக் கைக்குள் பொத்திக்கொண்டு மகளிடம் வந்தாள். "இன்னொருக்காக் கேட்டுப் பாக்கலாமா கண்ணு? இந்தத் தடவ நான் மடிக்கிறேன்."

மௌனிகா அம்மாவின் முந்தானையாலேயே அம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"சாமியச் சந்தேகப்படக் கூடாதும்மா" என்றாள்.