புழுவுக்கு விட்ட இரண்டு வரிசை

பருத்தி இலையைப் புழு கடித்தால் செடி ஒரு வாசனையை விடும். அதை மோப்பம் பிடித்துக் குட்டிக் குளவிகள் வந்து புழுவை ஒழித்துக்கட்டும். இதை நிரூபித்தால் ரவிசங்கருக்கு டாக்டர் பட்டம். இல்லையென்றால் அண்ணன் சௌரிராஜனின் ஜவுளிக்கடையில் துணி கிழிக்க வேண்டியதுதான்.

அதற்காகத்தான் உசிலம்பட்டிப் பக்கம் சீனியம்மாளின் பருத்திக்காட்டில் இரண்டு வரிசையைப் புழுவுக்கென்றே விட்டிருந்தான். "இதுல மட்டும் மருந்து அடிக்காதீங்கக்கா."

ஏன் என்று கேட்டாள். "அது ஆராய்ச்சி. உங்களுக்குப் புரியாது" என்று சொல்லிவிட்டு ஆனையூர் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டான். செடி குளவியோடு பேசுவதைப் பற்றி இருநூறு பக்கம் எழுதிய மகராசனுக்கு, காட்டுக்காரியோடு பேச நேரமில்லை. அவளும் ஊர்க் கேலியை வாங்கிக் கட்டிக்கொண்டு இரண்டு மாதம் புழு வளர்த்தாள்.

தொண்ணூற்றொன்பது மார்கழியில், பட்டத்துக்கு ஆராய்ச்சியைச் சரிபார்க்கும் தேர்வாளர் நேரில் பார்க்க வந்தார். பெரிய ஆபீசர் வருகிறார் என்று மட்டும் ரவிசங்கர் முந்தின நாளே சீனியம்மாளிடம் சொல்லியிருந்தான். ஜீப்பை விட்டு இறங்கும்போதே ரவிசங்கர் ஆரம்பித்துவிட்டான். "செடி இப்பக் கூப்பிட்டுக்கிட்டிருக்கு சார். நம்ம மூக்குக்குத்தான் தெரியாது."

தேர்வாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். "தெரியுதேப்பா."

காடு பூராவும் பூச்சிமருந்து நாற்றம். அந்த இரண்டு வரிசையும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. கீழே புழுக்கள் சுருண்டு கிடந்தன. அவற்றின் மேலேயே எள்ளளவு குளவிகள் கும்பலாகச் செத்துக் கிடந்தன.

சீனியம்மாள் புதுச்சேலையில், வாயெல்லாம் பல்லாக வந்தாள். "விடியவே அடிச்சுப்புட்டேன் தம்பி. பெரிய ஆபீசர் வர்றப்ப காடு புழுவாக் கெடந்தா உங்க வேலைக்குல்ல உலை வச்சிருவாக."

"இந்தக் குளவி?" என்றார் தேர்வாளர்.

"அதுக பத்து நாளா இந்த ரெண்டு வரிசையத்தேன் மொய்ச்சுச்சுக. வர்றவுகளக் கொட்டிரப்போகுதுன்னு ரெண்டு மூடி மருந்து கூடுதலா ஊத்துனேன்."

ஆராய்ச்சியின் முடிவை அவளே சொல்லிவிட்டாள். சாட்சிகள்தான் உயிரோடு இல்லை.

"செத்ததை எண்ணிப் பட்டம் கொடுக்க முடியாதுப்பா. அடுத்த வருஷம் பார்ப்போம்." தேர்வாளர் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

ரவிசங்கர் வரப்பில் உட்கார்ந்து, வாசனை, புழு, குளவி என்று ஒன்றுவிடாமல் அவளிடம் சொன்னான்.

சீனியம்மாள் செத்த குளவி ஒன்றை உள்ளங்கையில் வைத்து உற்றுப் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா தம்பி சங்கதி? மொதல்லயே சொல்லியிருந்தா, காடு பூராவுக்கும் நான் மருந்தே அடிச்சிருக்க மாட்டேனே."