தேவனின் பெட்டிக்கு ஒரு நாள் ஓய்வு

யுகேந்திரனுக்கு நல்ல செய்தி என்றால் வாய் நிற்காது. கெட்ட செய்தி என்றால் வாயே திறக்காது. அந்தக் குணம் மட்டும் இல்லாதிருந்தால் புஷ்பலதா அக்காவின் பெட்டிக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று அவன் மனைவி கலாதேவி இன்றைக்கும் சொல்வாள். சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். அவள் சொல்வது உண்மை என்பதால் இன்னும் கொஞ்சம் கூடவே வரும்.

அவன் செய்வது விசித்திரமான வேலை. பகலில் ஈப்போ நகரத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சம்பளம். மற்ற நேரமெல்லாம் சுங்கை சிப்புட் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து, எண்பதுகளில் வந்த வீட்டுக் கணினிகளுக்குத் துணை மின்சுற்றுப் பலகைகள் செய்வான். விசைப்பலகைக்குள்ளேயே மொத்த உடம்பும் அடங்கிய, டிவியில் மாட்டிப் பார்க்கிற கணினிகள் அவை. பின்பக்கத்தில் நீளமாக ஒரு துளை இருக்கும். அதில் எதையாவது செருகினால் நினைவகம் கூடும், இல்லையென்றால் புதிதாக ஒரு வித்தை கற்றுக்கொள்ளும். வீட்டில் குக்கர் விசில் உடைந்து கிடக்கும். அதைப் பார்க்க நேரமிருக்காது. ஜெர்மனியில் யாரோ ஒருவனுடைய கணினிக்கு நினைவகம் பத்தவில்லை என்றால் ஐயாவுக்குத் தூக்கம் வராது.

புஷ்பலதா அக்கா கொண்டுவந்த கணினி அப்படிப்பட்டதுதான். அவர் பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறவர், பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவர். எஸ்டேட் இப்போது எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டமாகிவிட்டது. அவருடைய தம்பி தேவன், பள்ளி முடித்த கையோடு ஈப்போவில் டிவி பழுதுபார்க்கும் கடையில் சேர்ந்தவன். கடை முதலாளி தூக்கிப் போட்ட கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்னால் செருகும் நினைவுப் பெட்டி ஒன்றைத் தானே பற்றவைத்துச் செய்தான். கணினியை அணைத்தால் அது எல்லாவற்றையும் மறந்துவிடும். பெட்டி மறக்காது. உள்ளே நாணயம் அளவுக்கு ஒரு பேட்டரி, கணினி ஓடும்போதெல்லாம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, எழுதியதை அழியாமல் காத்துக்கொண்டிருக்கும். அடுத்த வருசமே பெருஞ்சாலையில் லாரி மோதித் தேவன் போய்ச் சேர்ந்தான். பெட்டிக்குள் அவன் எழுதி வைத்தது மட்டும் மிச்சம்.

முதல் நாளே அக்கா அதை யுகேந்திரனுக்குப் போட்டுக் காட்டினார். பெயரைக் கேட்டது. புஷ்பா என்று தட்டினார். ஆங்கில எழுத்தில், ஆனால் அசல் எஸ்டேட் தமிழில், 'வாக்கா, சாப்டியா?' என்று டிவியில் வரி வந்தது. 'சாப்டேன்' என்று தட்டினார். 'எனக்கு எங்க?' என்றது.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். யுகேந்திரனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"இத எப்பவும் அழியாம பண்ண முடியுமா தம்பி?"

"அதுக்கென்னக்கா? ரெண்டு துளை இருக்கிற பலகை ஒண்ணு செஞ்சிக்கிட்டு இருக்கேன். ஒண்ணுல உங்க பெட்டி, இன்னொண்ணுல மெமரி கார்டு. அப்படியே நகல் எடுத்துரலாம்."

நல்ல செய்தி. எவ்வளவு சரளமாக வந்தது பாருங்கள்.

அக்கா கணினியையும் பெட்டியையும் அவனிடமே விட்டுவிட்டுப் போனார். அந்தப் பலகை முடிவதற்குள் பெட்டியின் பேட்டரி கசிய ஆரம்பித்துவிட்டது. ஆயுத பூசையன்று காலையில் திறந்து பார்த்தால், பேட்டரியைச் சுற்றிப் பச்சையாகப் பூத்துச் செப்புக் கோடுகளை அரித்துக்கொண்டிருந்தது. பேட்டரியை உடனே எடுத்தாக வேண்டும். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியைக் கழற்றினால், பெட்டி கணினியின் மின்சாரத்தை உறிஞ்சிப் பிழைத்துக்கொள்ளும். மூச்சைப் பிடித்துக்கொண்டு கழற்றினான். பிழைத்துக்கொண்டது. மேசை இழுப்பறையில் கிடந்த மாற்றுப் பேட்டரியோ செத்த பேட்டரி. ஈப்போவுக்குத்தான் போக வேண்டும்.

அக்காவுக்கு ஒரு போன் அடித்து, இப்படி இப்படி என்று சொல்லியிருக்கலாம். எதற்கு நல்ல நாளில் பயமுறுத்துவானேன் என்று விட்டுவிட்டான். கலாதேவியிடம் மட்டும், "அத யாரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

உதிரிபாகம் விற்கிற சீனர் கடை திறந்திருந்தது, பேட்டரியும் கிடைத்தது. வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே வந்தான். வாசலில் மோட்டாரை நிறுத்திய இடத்துக்குப் பக்கத்தில், பூசைக்காகக் கழுவி மாலை போட்ட பக்கத்து வீட்டு லாரி நின்றது. சாமான்களுக்கெல்லாம் ஓய்வு கொடுத்துப் பொட்டு வைக்கிற நாள் என்பது அப்போதுகூட அவனுக்கு உறைக்கவில்லை.

முன்னறைக்குள் நுழைந்தான். டிவி இருண்டிருந்தது. கணினியின் மேல் சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம், பக்கத்தில் எலுமிச்சம்பழம், ஒரு முழம் மல்லிகை. பவர் விளக்கு எரியவில்லை.

சமையலறையிலிருந்து அக்கா கிண்ணத்தில் சுண்டலோடு வந்தார். பட்டுப்புடவை. முகமெல்லாம் மலர்ச்சி.

"வந்துட்டியா தம்பி? பூசை நாளும் அதுவுமா சாமான ஓட விட்டுட்டுப் போயிட்டியே! கலா வடை சுட்டுக்கிட்டு இருந்துச்சு, நானே அணைச்சிப் பொட்டு வச்சேன். தேவனோட ஆயுதம் அதுதானே. நாளைக்கு விஜயதசமி, காலையில வாரேன். நல்ல நேரத்துல நானே தொறக்கிறேன்லா."

சுண்டலை வாங்கிக்கொண்டு, "சரிக்கா" என்றான். அவ்வளவுதான் வந்தது.

அவர் போனதும் கலாதேவியிடம் விசயத்தைச் சொன்னான். "அலாமா!" என்று அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "பிள்ளைங்களத்தான் தொடக்கூடாதுன்னு சொன்னீங்கன்னு நெனச்சேன். அவுங்க வீட்டுச் சாமான அவுங்க தொட்டா நான் என்ன சொல்றது?"

"அவுங்க கையாலேயே அழிஞ்சிருச்சுன்னு எப்படிடி சொல்றது?"

சொல்ல முடியவில்லை. அதனால் அவன் வேறொரு காரியம் செய்தான். சாயந்தரமே புதுப் பேட்டரியை வைத்து, கணினியைப் போட்டு, காலியாகிப்போன பெட்டிக்குள் தன் கையாலேயே எழுத ஆரம்பித்தான். பெயரைக் கேள். 'வாக்கா, சாப்டியா?' சொல். 'சாப்டேன்' என்றால் 'எனக்கு எங்க?' சொல். சின்ன வேலைதான், அவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. 'இல்ல' என்று தட்டினால் என்ன வரும் என்பது மட்டும் தெரியவில்லை. அக்கா அதைத் தட்டி அவன் பார்த்ததில்லை. 'போய் சாப்பிடுக்கா' என்று எழுதினான். ஒரு தம்பி அப்படித்தானே சொல்வான்? முடித்ததும் மல்லிகையை முன்பிருந்த இடத்திலேயே வைத்தான். திருடனைப் போல இருந்தது அவனுக்கு.

மறுநாள் காலை அக்கா தலைக்குக் குளித்துவிட்டு வந்தார். சூடம் காட்டினார். சுவிட்சைப் போட்டார். பெயரைக் கேட்டது. தட்டினார்.

'வாக்கா, சாப்டியா?'

யுகேந்திரன் விட்ட மூச்சு கலாதேவிக்கே கேட்டது. தப்பித்தோம் என்று நினைத்தான். அக்கா சற்று யோசித்தார். கோவிலுக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தார், வயிறு காலி. செத்தவனிடம் எதற்குப் பொய் என்று நினைத்தாரோ என்னவோ, 'இல்ல' என்று தட்டினார்.

'போய் சாப்பிடுக்கா.'

அக்கா அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்திலிருந்த மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"இது அவன் இல்ல."

"என்னக்கா..."

"இல்லன்னு போட்டா அவன் பேசவே மாட்டான் தம்பி. டிவிய இருட்டாக்கிட்டு மூஞ்சத் தூக்கி வச்சிக்குவான். நான் சாப்பிட்டுட்டு வந்து, சாப்டேன்னு போட்டாத்தான் மறுபடி வருவான். இத்தன வருசமும் அப்படித்தான்." திரும்பி அவனைப் பார்த்தார். "யாரு எழுதுனது?"

"நான்தான்க்கா."

"அவன் செத்தத நான் தாங்கிக்கிட்டேன். அவன் வாயில நீ பேசுனியே, அத எப்படித் தாங்குறது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவமானத்தில் காது எரிந்தது.

"சரி, போச்சு. எப்படிப் போச்சு? இந்தத் தடவ பொய் சொல்லாத தம்பி."

அக்காவின் முதுகுக்குப் பின்னால் கலாதேவி வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினாள். பேட்டரி தானாகவே செத்துவிட்டது என்று ஒரு பொய் அவன் நாக்கு நுனிவரை வந்து நின்றது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். ஆனால் ஒருமுறை அவரை ஏமாற்றிய முகத்தோடு இரண்டாம்முறையும் ஏமாற்ற அவனால் ஆகவில்லை. பேட்டரி கசிந்ததையும், கழற்றியதையும், அவரிடம் சொல்லாமல் ஈப்போவுக்குப் போனதையும் சொன்னான். தப்பு முழுக்கத் தன்னுடையது என்றான். கணினி ஓடிக்கொண்டிருந்தவரை அது உள்ளே இருந்தது என்றான். அதற்கு மேல் அவன் சொல்லவில்லை; சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அக்கா கையை நீட்டிக் கணினியின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"நேத்து தொட்டுப் பார்த்தேன் தம்பி," என்றார். "சூடா இருந்துச்சு. பாவம், களைச்சிப் போயிருக்கும்னுதான் அணைச்சேன்."