எருத்தேன்பதிக் கடையில் குப்பண்ணன் பாடிய மூன்று பாட்டு

வில்வண்டி வந்து சேரும்வரை எருத்தேன்பதிக் கள்ளுக்கடையில் இருந்தவர்கள் ஐந்தே பேர். கடை நடத்தும் நாணு. ஆர்மோனியக்காரர் குருசாமி. ஆனைமலையிலிருந்து கேரள எல்லை தாண்டி வந்திருந்த கயிற்று வியாபாரி பொன்ராஜ். மேட்டுத்தோட்டத்துக் காளிச்சாமி. அவரைக் கூட்டிப்போக வந்த அவருடைய அண்ணன் குப்பண்ணன். நானும் பார்த்தேன் என்று இன்று சொல்லிக்கொண்டு திரிகிற மற்ற யாரும் அங்கே இல்லை. அவர்கள் தங்கள் வீட்டு வாசலில் நின்று காதால் கேட்டவர்கள், அவ்வளவுதான்.

எழுபத்தைந்தாம் ஆண்டு, மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மணி மூன்று இருக்கும்.

தமிழ்நாட்டுப் பக்கம் கடைகளை மூடிவிட்ட பிறகு பொள்ளாச்சி, ஆனைமலை ஆட்களெல்லாம் நாணுவின் ஓலைக் கொட்டகைக்கு வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் சண்டை போடாமல் இருக்க நாணு இரண்டு ஏற்பாடு செய்தார். ஒன்று கேரம் பலகை. இன்னொன்று மைக்செட். ஒலிபெருக்கிக் குழாயைக் கடை முன்னால் நின்ற பனையின் உச்சியில் கட்டினார். குருசாமி ஆர்மோனியத்தில் மெட்டை மட்டும் வாசிப்பார். வார்த்தையைப் பாட வேண்டியது குடிக்க வந்தவர் பொறுப்பு. கேரமில் தோற்றவர் ஒரு பாட்டுப் பாடாமல் கடைப் படி இறங்கக் கூடாது. அதுதான் அந்தக் கடையின் சட்டம். சாதாரண ஞாயிறுகளில் அங்கே நிற்க இடம் இருக்காது. அன்று சித்தூரில் திருவிழா என்பதால் கூட்டமெல்லாம் அங்கே போயிருந்தது.

குப்பண்ணன் வீட்டில் அன்று நாலு மணிக்கு ஆள் வருகிறார்கள். வேலந்தாவளத்து ஆறுச்சாமியும் அவர் மனைவி பழனாத்தாளும் தங்கள் மகனுக்குக் குப்பண்ணன் மகள் மயிலாத்தாளைப் பார்க்க வருகிறார்கள். தோப்பு நிறையப் பனை இருந்தும் ஒரு மரத்திலும் கள் இறக்க விடாத குடும்பம் ஆறுச்சாமியுடையது. குப்பண்ணன் சலவை வேட்டி கட்டி, துண்டை மடிப்புக் கலையாமல் தோளில் போட்டு, வாசலில் நின்று கோலத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் பனை உச்சியிலிருந்து தம்பியின் குரல் ஊர் முழுக்கக் கேட்டது. பாட்டு பாதியில் கம்மியது. இருமல் மட்டும் நன்றாகக் கேட்டது.

மேட்டுத்தோட்டத்தில் பிறந்த ஒருவரும் அந்தக் கடைப் படி ஏறியதில்லை என்று குப்பண்ணன் ஊருக்கு ஊர் சொல்லி வைத்திருந்தார். செருப்பைக்கூட மாட்டாமல் நடந்தார்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் தம்பியைப் பார்த்து ஒரே வார்த்தை சொன்னார். "எந்திரி."

காளிச்சாமி எழுந்தார். குரல் காற்றாகத்தான் வந்தது. "மாட்டேங்கலீங்ணா. ஒரு பலகை ஆடிட்டு வந்தறலாம்னுதான்..."

"ஒண்ணா? நாலுங்க பண்ணாடி," என்றார் பொன்ராஜ், பலகையில் மாவைத் தூவிக்கொண்டே. "நாலையும் தோத்துட்டாரு. ஒரு பாட்டுக்கே தொண்டை கட்டிக்கிச்சு. இன்னும் மூணு நிக்குது."

"பாட்டும் வேண்டாம், கூத்தும் வேண்டாம். ஊட்டுக்கு ஆளு வருது."

"கூட்டிட்டுப் போங்க, போங்க. மேட்டுத்தோட்டத்துக்காரங்க சொன்ன சொல்லு மாற மாட்டாங்கன்னு ஆனைமலைச் சந்தையில பேசிக்குவாங்க. இனி என்ன சொல்லறதுன்னு நான் பாத்துக்கறேன்."

குப்பண்ணனின் கால் நின்றுவிட்டது. தம்பி குடித்தது ஒரு அவமானம்; அதை நாலு சுவருக்குள் வைத்துத் திருத்திக்கொள்ளலாம். வாக்குத் தவறினார்கள் என்று சந்தையில் பேச்சு வந்தால் அதை எங்கே போய்த் திருத்துவது?

நாணு தன் பங்குக்குச் சொன்னார். "கூடப்பொறந்தவங்க பதிலுக்குப் பாடலாம், கேட்டோ. அதும் இவிடத்து நியமந்தான்."

"பாடறதா? நானா?" குப்பண்ணன் பெஞ்சில் துண்டால் ரெண்டு தட்டுத் தட்டி உட்கார்ந்தார். "பலகையை இப்படித் திருப்பு. ஒரே ஆட்டம். நான் கெலிச்சா மூணும் தள்ளுபடி."

"தோத்தீங்கன்னா அந்த மூணையும் நீங்களே பாடுவீங்களா?"

"தோக்கறதுக்கா உக்காந்திருக்கறேன்?"

அவர் அதுவரை கேரம் காயைக் கையால் தொட்டதில்லை. ஆனால் நூல் பிடித்தது போல வரப்பு வெட்டுகிறவருக்கு ஒரு வில்லையை மூலைக்குழியில் தள்ளுவது என்ன பெரிய வேலை என்று நினைத்தார். முதல் அடியில் அடிகாய் பலகையைத் தாண்டிப் போய்க் குருசாமியின் மடியில் விழுந்தது. இரண்டாவது அடியில், எப்படியோ, சிவப்புக்காய் குழிக்குள் போனது.

"பாத்தியா!" என்றார் குப்பண்ணன்.

"பாத்தனுங்க. இப்ப கூடவே இன்னொண்ணு போடணும். போடலைனா சிவப்பைத் திரும்ப எடுத்து நடுவுல வெக்கணும்."

"போட்டதைத் திரும்ப எடுக்கறதா? எந்த ஊரு நியாயம்டா அது?"

"எல்லா ஊரு நியாயமும் அதுதானுங்க."

"எங்கூருல குடுத்ததைத் திரும்ப வாங்கமாட்டோம்."

வாங்கித்தான் வைத்தார்கள். கால் மணி நேரத்தில் ஆட்டம் முடிந்தது. பொன்ராஜின் காய்கள் அத்தனையும் குழிக்குள். குப்பண்ணனின் காய்கள் கட்டினபடியே நடுவில் உட்கார்ந்திருந்தன.

குப்பண்ணன் எழுந்து மைக் முன்னால் போய் நின்றார். சினிமாப் பாட்டு ஒன்றும் தெரியாது. பஜனைப் பாட்டைக் கள்ளுக்கடையில் பாட மனம் வரவில்லை. மிச்சம் இருந்தது ஒன்றுதான். தோட்டத்துக் கிணற்றுக்கு மோட்டார் வைக்கும்வரை இருபது வருடம் அவர் காளை பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டியவர். காளைகள் இரண்டும் சரிவில் இறங்கினால் தோல்சால் தண்ணீரோடு மேலே வரும். காளைகள் பின்னாலேயே நடந்து சரிவேறினால் வெறும் சால் கிணற்றுக்குள் போகும். இறங்க ஒரு அடி, பின்னே வர ஒரு அடி என்று அதற்குப் பாட்டு உண்டு. விடியலில் அவர் பாடினால் அக்கட்டால இருக்கிற பக்கத்து ஊர்க்காரர்கள் எழுந்து பல் துலக்குவார்கள்.

"என்ன சுதிங்க?" என்று கேட்டார் குருசாமி.

"கெணத்துச் சுதி. வாசி."

குப்பண்ணன் கண்ணை மூடினார்.

"இறங்கடா மயிலக்காளை, இழுத்து வா தோல்சாலை,
தென்னை ரெண்டும் தாகமுன்னு தேம்புதடா மேட்டோரம்!"

குருசாமியின் விரல்கள் இரண்டு முறை தடுமாறி மூன்றாவது முறை மெட்டைப் பிடித்துக்கொண்டன. பொன்ராஜ் சிரிப்பதற்கென்று திறந்த வாயை மூட மறந்தார். குப்பண்ணன் குரலை இழுத்தார்.

"பின்னே வா என் ராசா, பிசகாம பின்னே வா,
சாலு கெணத்துல எறங்கட்டும், சாவகாசமா பின்னே வா!"

கண் மூடியிருந்ததால் அவர் பார்க்காததை ஆறுச்சாமி பிற்பாடு சொன்னார். அவரும் மனைவியும் வந்த வில்வண்டி அப்போதுதான் கடையைத் தாண்டி இருநூறு அடி போயிருந்தது. வண்டியில் பூட்டியிருந்தவை, மோட்டார் வந்த வருடம் குப்பண்ணனிடம் ஆறுச்சாமி வாங்கிய அதே மயிலைக் காளை ஜோடி. பனையிலிருந்து "இறங்கடா" என்று குரல் வந்ததும் இரண்டும் காதை நிமிர்த்திப் பாய்ந்தன. "பின்னே வா" என்றதும் நின்று, ஒன்றுபோல் பின்னால் நடக்க ஆரம்பித்தன. ஆறுச்சாமி கயிற்றைச் சுண்டினார், தார்க்குச்சியால் தொட்டார், கெஞ்சினார். பழனாத்தாள் தாம்பாளத்தை மடியில் அணைத்துக்கொண்டு அங்காளம்மனைக் கூப்பிட்டாள்.

பாக்கி மூன்று பாட்டு. குப்பண்ணனுக்குத் தெரிந்தது ஒன்று. அதனால் அதையே மூன்று தரம் பாடினார். வண்டியும் மூன்று தரம் முன்னே போய், மூன்று தரம் பின்னே வந்தது. முன்னே போனதைவிடப் பின்னே வந்தது ஒவ்வொரு தரமும் அதிகம்.

மூன்றாவது பாட்டை முடித்துக் குப்பண்ணன் கண்ணைத் திறந்தபோது, ஒரு வில்வண்டியின் பின்பக்கம் கொட்டகை வாசலில் வந்து மெல்ல இடித்து நின்றது. உள்ளே ஆறுச்சாமி. பக்கத்தில் பழனாத்தாள். எதிரே மைக்கைப் பிடித்தபடி தாம்.

காளிச்சாமி பெஞ்சுக்கு அடியில் போய்விட்டார்.

பழனாத்தாள்தான் முதலில் இறங்கினாள். தாம்பாளத்தைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு நேரே குப்பண்ணன் முன்னால் வந்து நின்றாள். "ஏனுங்க, சித்தெ ஊதுங்க பாக்கலாம்."

குப்பண்ணனை அதுவரை யாரும், பெற்ற தாய்கூட, ஊதச் சொன்னதில்லை. காது சிவந்தது. மயிலாத்தாளின் முகம் நினைவுக்கு வந்தது. ஊதினார்.

பழனாத்தாள் மோந்து பார்த்தாள். திரும்பிப் புருஷனிடம் சொன்னாள். "வெத்தல வாசந்தானுங்க."

"அப்ப இங்க என்ன பண்ணறாரு?"

குப்பண்ணன் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். தம்பி தோற்றது, தாம் தோற்றது, வாக்கு, மூன்று பாட்டு, எல்லாம். சொல்லும்போது முதுகு வளையவில்லை. பெஞ்சுக்கு அடியிலிருந்து காளிச்சாமி "ஆமாங்க, ஆமாங்க" என்று காற்றாகச் சாட்சி சொன்னார்.

மயிலைகள் அதற்குள் நுகத்தோடு வண்டியையும் சுற்றித் திருப்பி, கொட்டகைக்குள் தலையை நீட்டி, குப்பண்ணனின் மடிப்புக் கலையாத துண்டை நக்க ஆரம்பித்தன. அவற்றின் நெற்றியை அவர் சொறிந்துகொடுத்தார்.

ஆறுச்சாமி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு வருசமா எம்பட பேச்சை இதுக ரெண்டும் காதுல வாங்குனதில்லீங்க. செவிடுன்னே நெனச்சுட்டேன்."

"செவிடில்லீங்க. நீங்க பாடியிருக்க மாட்டீங்க."

"மாட்டுக்குப் பாட்டுமா படிக்கோணும்?"

பழனாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மாடே இத்தனை பதனமா வளந்திருக்குது. இவரு ஊட்டுப் பொண்ணைப் பாக்காம நான் திரும்ப மாட்டேன். வண்டியை ஓட்டுங்க. இல்ல, நீங்க ஓட்டாதீங்க. அவரைப் பாடச் சொல்லுங்க."

நாணு நாலு கிளாஸ் மோர் கொண்டுவந்தார். பொன்ராஜ் பெரிய மனிதர்கள் முன்னால் கும்பிட்டு நின்றார். ஆறுச்சாமியின் கண் கேரம் பலகையின் மேல் விழுந்தது. சிறு வயதில் கோயமுத்தூரில் படிக்கப் போனபோது ஆடியதாம். "ஒரே ஒரு கை," என்றார். "ஏனுங்க!" என்று வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்ட பழனாத்தாள் கத்திக்கொண்டே இருந்தாள். ஆறுச்சாமி சிவப்பைப் போட்டு, கூடவே இன்னொன்றும் போட்டார். கடைசியில் பொன்ராஜ்தான் மைக் முன்னால் போய் நின்றார். அவர் குரலைக் கேட்டு மயிலைகள் ஒரு அடிகூட நகரவில்லை.

குப்பண்ணன் நுகத்துக்கு முன்னால் நடந்து, இறங்குகிற அடியை மட்டும் மெதுவாகப் பாடிக்கொண்டு, வண்டியை வீடுவரை கொண்டுபோய்ச் சேர்த்தார். காளிச்சாமி வண்டிக்குப் பின்னால், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார். மயிலாத்தாள் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். பழனாத்தாள் அவளிடம் ஒரே கேள்விதான் கேட்டாள்: "உனக்கும் அந்தப் பாட்டுத் தெரியுமா கண்ணு?" தெரியும் என்று அவள் தலையாட்டினாள்.

மயிலாத்தாள் கல்யாணம் கள்ளுக்கடையில் நிச்சயமானது என்று வண்ணாமடைப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. பொய். தாம்பூலம் மாற்றியது மேட்டுத்தோட்டத்து வீட்டுக் கூடத்தில், மாலை ஐந்தரை மணிக்கு, கிழக்குப் பார்த்து. கடையில் சம்பந்தி ஆடியது ஒரே ஒரு பலகை.