சாகாத இருநூறு பேர்

என் அக்காவைக் கட்டியவருக்குத் தோற்கத் தெரியாது. சீட்டாட்டத்தில் அக்காவிடம் தோற்றால்கூட இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டார். அப்பேர்ப்பட்டவர் வரலாற்றுப் போர் வீடியோ கேம் தயாரிக்கக் கம்பெனி ஆரம்பித்தார். அதில் படைகளைச் சமன் செய்வது என் வேலை. ஈட்டிக்காரன் குதிரைக்காரனை வீழ்த்த வேண்டும், குதிரைக்காரன் வில்லாளியை, வில்லாளி ஈட்டிக்காரனை. எந்தப் படைக்கும் ஒரு எமன் இருந்தாக வேண்டும். மூன்று வருடம் எண்களோடு மல்லுக்கட்டி அதைக் கொண்டுவந்திருந்தேன்.

அத்தான் கண்ணுக்குத் தெரிந்தது ஒரே படைதான்: ராஜாவின் மெய்க்காப்பாளர்கள். இருநூறு பேர், தங்கக் கவசம். சாப்பாட்டு இடைவேளையில் தினமும் என் மேஜைக்கு வந்து ஆடுவார். ராஜா பக்கம் எப்போதும் அவருக்கு. எனக்குக் கிடைப்பது கலப்பையைப் போட்டுவிட்டு வந்த குடியானவர்கள். அப்படியும் தப்பித்தவறி ஒரு மெய்க்காப்பாளன் செத்தால் மனுஷருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

"காப்பு எண்ணை ஏத்து மச்சான். ராஜாவோட ஆளு இவனுங்க கையால சாவானா?"

வாரம் ஒரு தடவை ஏற்றினேன். இந்த ஒரு படை இருந்தால் மற்ற பதினேழு படைகளை யார் தொடுவார்கள் என்று ஒருமுறை வாதாடியும் பார்த்தேன். வரலாறு தெரியாதவன் என்று என்னை மட்டம் தட்டினார். அவருக்குத் தெரிந்த வரலாறு பாடப்புத்தகத்தின் அட்டைப்படத்தோடு சரி.

எங்கள் விளையாட்டில், அடிப்பவனின் தாக்குதல் எண்ணிலிருந்து அடிபடுபவனின் காப்பு எண்ணைக் கழித்தால் வருவது காயம். பூச்சியத்துக்குக் கீழே போனால் காயமே இல்லை. போன வாரம் மெய்க்காப்பாளனின் காப்பு தொண்ணூற்றைந்தைத் தொட்டது. அவனுடைய தாக்குதலோ தொண்ணூறுதான். அதாவது மெய்க்காப்பாளனை மெய்க்காப்பாளனாலும் கொல்ல முடியாது. பார்த்தேன். சரிசெய்வது அரை நிமிட வேலை. இந்த ஆள் நாலு பேர் முன்னால் மூக்குடைபடட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். மனசு குளுகுளுவென்று இருந்தது.

நேற்று வெளியீட்டுக் கம்பெனியிலிருந்து ஓர் அம்மா வந்தார். அவருக்குப் பிடித்தால் விளையாட்டு வெளியே வரும். இல்லாவிட்டால் எங்கள் கதவுக்குப் பூட்டு. அத்தான் வழக்கம்போல் ராஜா பக்கம் உட்கார்ந்தார். அந்த அம்மா பட்டியலைப் பார்த்துவிட்டு அதே மெய்க்காப்பாளர்களை எடுத்தார். எங்கள் அலுவலகத்தில் இரண்டு பக்கமும் அவர்களை வைத்து யாரும் ஆடியதே இல்லை. இருந்தது ஒரே ராஜா அல்லவா.

நானூறு தங்கக் கவசங்கள் மோதின. இருபது நிமிடம் ஆகியும் ஒருவன் சாகவில்லை, ஒருவன் ஓடவில்லை. அத்தான் வேர்த்து வழிய மவுஸைத் தட்டிக்கொண்டே இருந்தார். நான் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தேன்.

படைகளைச் சமன் செய்வது யார் என்று அந்த அம்மா கேட்டார். அத்தான் என் தோளில் கை வைத்தார்.

"என் மச்சான்தாங்க. எல்லா எண்ணும் அவன் கையாலதான்."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்றேன். அவர் குறிப்பேட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். என் ஈட்டிக்காரர்களை அவர் பார்க்கவே இல்லை.

தோற்கத் தெரியாத மனுஷர் இன்னும் என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

"விடு மச்சான். தெரிஞ்சிருந்தா நீ சொல்லியிருக்க மாட்டியா?"